அம்மா ரேகை வளர்த்த மாதம்

போன மாதம், இன்னும் உயிரோடுதான் இருக்கிறேன் என்று காட்டுவதற்காகப் பென்ஷன் ஆபீசில் வரிசையில் நின்றேன். நம் வயதுக்காரர்கள் ஏழெட்டுப் பேர். எனக்கு முன்னால் நின்ற பெரியவர் அந்தச் சின்னக் கருவியில் விரலை வைத்தார், எடுத்தார், வேட்டியில் துடைத்துவிட்டு மறுபடி வைத்தார். அது ஏற்றுக்கொள்ளவே இல்லை. "ஆளு உசுரோட நிக்கிறேன், வெரலு மட்டும் செத்துப்போச்சாம்" என்றார். எல்லோரும் சிரித்தோம். நானும்தான் சிரித்தேன். ஆனால் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகு அம்மாவின் பெருவிரல் ஞாபகத்துக்கு வந்து, இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தாண்டிப் போய்விட்டேன்.

உங்களில் விருத்தாசலம் பக்கத்துக்காரர்களுக்கு நான் சொல்வது உடனே புரியும். மற்றவர்களுக்காகக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன்.

எழுபதுகளின் நடுவில், நான் ஐந்தாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்தேன். அப்பாவுக்கு ஜங்ஷனில் கூட்ஸ் ஷெட்டில் வேலை. அம்மா பீங்கான் கம்பெனிக்குப் போய்க்கொண்டிருந்தாள். எங்கள் வீட்டிலிருந்து தண்டவாளத்தைத் தாண்டி நடந்தால் கம்பெனியின் தகரக் கூரை தெரியும். அங்கே களிமண் அரைக்கிற இடம், அச்சில் ஊற்றுகிற இடம், சூளை என்று பல பிரிவுகள். அம்மா இருந்தது தேய்ப்புக் கொட்டகையில்.

அச்சிலிருந்து எடுத்துக் காயவைத்த சாமான் பார்க்க ஒழுங்காகத்தான் இருக்கும். கையால் தடவினால்தான் தெரியும். அச்சின் இரண்டு பாதிகளும் சேர்ந்த இடத்தில் தழும்பு மாதிரி ஒரு வரம்பு ஓடும். அங்கங்கே மணல் மணலாகத் துருத்தும். முதல் வேக்காடு முடிந்து, பளபளப்புப் பூச்சு பூசுவதற்கு முன்னால், அதையெல்லாம் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து வழவழப்பாக்க வேண்டும். முதலில் முரட்டுத் தாள், பிறகு நடுத்தரத் தாள், கடைசியில் பட்டுப்போல ஒரு தாள். ஒரு தாளை விட்டு அடுத்த தாளை எடுக்கும் முன் ஈரத்துணியால் தூளைத் துடைத்துவிட வேண்டும். முரட்டுத் தாளின் ஒரு துகள் மிச்சமிருந்தாலும் அது பட்டுத்தாளுக்கு அடியில் புகுந்து கீறிவிடும்.

அந்தக் கொட்டகையில் பதினைந்து பெண்கள் உட்கார்ந்திருப்பார்கள். எல்லோருடைய புருவமும் வெள்ளையாக இருக்கும். அம்மா தேய்க்கிற விதம் மட்டும் வேறு. மற்றவர்கள் மேலும் கீழுமாகத் தேய்ப்பார்கள். அம்மாவின் கை சின்னச் சின்ன வட்டமாகப் போகும். ஒரு வட்டம் விழுந்த இடத்தில் அடுத்த வட்டம் சரியாக விழாது, கொஞ்சம் தள்ளித்தான் விழும். எங்கேயும் ஒரே தடத்தில் இரண்டு முறை போகாததால் கோடே விழாது. தேய்த்து முடித்ததும் சாமானை வெளிச்சத்துக்குச் சாய்த்துப் பிடித்து ஒரு பார்வை பார்ப்பாள். பிறகு கண்ணை மூடிக்கொண்டு ஒரு தடவல். "கண்ணு ஏமாந்துடும், வெரலு ஏமாறாது" என்பாள்.

பள்ளிக்கூடம் விட்டு நான் கம்பெனி வாசலுக்குப் போனால் அம்மா கையைப் பிடித்துக்கொண்டு வருவாள். பீங்கான் தட்டைத் தொடுவது மாதிரி இருக்கும் அந்த விரல் நுனிகள். என் தங்கச்சிக்குக் காய்ச்சல் வந்தால் அம்மா கன்னத்தில் விரல் வைத்தாலே போதும், அவள் தூங்கிவிடுவாள். எனக்கு அதெல்லாம் அதிசயமாகப் படவில்லை. அம்மாக்களின் விரல் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்திருந்தேன்.

அம்மாவின் ஊர் கம்மாபுரத்துக்குப் பக்கம். அம்மாவுக்குப் பின்னால் பிறந்தவர் ஒரே தம்பி, என் மாமா. மாதம் ஒருமுறை சைக்கிளில் வருவார். கேரியரில் வேர்க்கடலை மூட்டை, சீசனுக்குக் கரும்பு, சில நாள் நுங்கு. பொங்கலுக்கு வரிசை கொண்டுவரத் தவறியதே இல்லை. எனக்கும் தங்கச்சிக்கும் காது குத்தியது அவர் மடியில்தான். அவரைப் பற்றி நான் தப்பாகச் சொல்லப் போகிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். அவர் நல்லவர். நல்லவர்கள் செய்கிற தவறு ஒன்று இருக்கிறதே, அதைத்தான் அவரும் செய்தார்.

அந்த வருடம் ஐப்பசியில், கம்மாபுரம் பக்கத்து நிலங்களை நிலக்கரிச் சுரங்கத்துக்கு எடுக்கப் போகிறார்கள் என்று பேச்சு வந்தது. நிலம் கொடுத்த குடும்பத்துக்கு ஒரு வேலை, குடியிருக்க ஒரு மனை என்றும் சொன்னார்கள். பாட்டி முன்பே போய்விட்டாள், தாத்தாவும் எதுவும் எழுதி வைக்காமல் இறந்துபோயிருந்ததால், அவர் சொந்தமாக வாங்கிய அந்த நிலத்தில் அம்மாவுக்கும் சரிபாதி உண்டு. அந்தப் பாதியைத் தனக்கு விட்டுக்கொடுப்பதாக அம்மா விடுதலைப் பத்திரத்தில் கைநாட்டு வைத்துவிட்டால், ஒரே பேரில் எல்லாம் சுலபமாக முடியும் என்பது மாமாவின் கணக்கு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து அப்பாவிடம் இதைச் சொன்னார். பத்திரம் எழுதுகிறவரிடம் எழுதச் சொல்லியாகிவிட்டது, வெள்ளிக்கிழமை ரிஜிஸ்தர் ஆபீசுக்கு வந்தால் அரை மணி நேர வேலை என்றார். அப்பா தலையாட்டினார். எப்படியும் போகப்போகிற நிலம், இதற்காகத் தாய்மாமன் உறவைக் கெடுத்துக்கொள்வானேன் என்று அவர் நினைத்தார். அம்மா அடுப்படியில் வேர்க்கடலையை உடைத்துக்கொண்டிருந்தாள். மாமா கிளம்பும்போது உள்ளே எட்டிப் பார்த்து, "வெள்ளிக்கெழம லீவு சொல்லிடுக்கா" என்றார். அம்மா சரி என்றோ இல்லை என்றோ சொன்னதாக எனக்கு ஞாபகம் இல்லை. உடைக்கிற சத்தம் மட்டும் ஞாபகம் இருக்கிறது.

வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டுவிட்டு நானும் அம்மாவோடு போனேன். ரிஜிஸ்தர் ஆபீசில் மையின் வாடையும் பழைய காகிதத்தின் வாடையும் கலந்திருந்தது. குமாஸ்தா அம்மாவின் இடது பெருவிரலைப் பிடித்து மையில் உருட்டிப் புத்தகத்தில் ஒற்றினார். எடுத்துப் பார்த்தால் நாவல்பழத்தை நசுக்கின மாதிரி ஒரு நீலத் திட்டு. ஒரு கோடுகூட இல்லை. துடைத்துவிட்டு மறுபடி வைத்தார். அதே திட்டு. வலது பெருவிரலும் அப்படியே.

"என்னம்மா வேல பாக்குறீங்க?" என்று கேட்டார் குமாஸ்தா.

அம்மா சொன்னாள். அவர் சிரிக்கவில்லை. இந்த மாதிரி கம்பெனி ஆட்கள் வருவதுண்டு என்றும், தேய்க்கிற வேலையை ஒரு மாதம் விட்டால் ரேகை தானாக முளைத்துவிடும் என்றும், ரேகை விழாமல் பதிய முடியாது, நாளைக்கு யாராவது ஆள் மாறாட்டம் என்று சொன்னால் வம்பு என்றும் மாமாவிடம் விளக்கினார்.

மாமாவுக்குக் கோபம் வரவில்லை. வெளியே வந்து எங்களுக்கு டீயும் பன்னும் வாங்கிக் கொடுத்தார். "ஒரு மாசம் தானேக்கா. கம்பெனிக்குப் போவாத. கூலி போவுதேன்னு பாக்காத, அரிசி நான் கொண்டாந்து போடறேன்" என்றார். சொன்னபடியே மூட்டை வந்தது.

அப்படித்தான் அம்மா வீட்டில் ரேகை வளர்க்கத் தொடங்கினாள்.

எனக்கு அது கொண்டாட்டம். பள்ளிக்கூடம் விட்டு வந்தால் வீட்டில் அம்மா இருப்பாள். புருவம் கறுப்பாக இருக்கும். தினமும் காலையில் நானும் தங்கச்சியும் அம்மாவின் பெருவிரலை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்ப்போம். பத்துப் பன்னிரண்டு நாளில், வயலில் நாற்று முளைக்கிற மாதிரி, நுனியில் மெல்லிய கோடுகள் தெரிந்தன. நான்தான் முதலில் பார்த்தேன். "வந்துருச்சும்மா" என்று கத்தினேன். அம்மா விரலை இழுத்துக்கொண்டு, நேரமாச்சு, தலையைப் பின்னிக்கொள் என்றாள்.

அடுத்த வாரம் மாமா வந்து பார்த்தார். இது போதாது, சீக்கிரம் வரணும் என்று கொளஞ்சியப்பர் கோயிலில் பிராது கட்டலாம் என்றார். நம் பக்கத்தில் அது வழக்கம்தானே. கோர்ட்டில் தீராததை ஒரு காகிதத்தில் எழுதி அந்த முருகனிடம் கொடுத்துவிட்டால் அவர் தீர்த்து வைப்பார். வீட்டில் கையெழுத்து நன்றாக இருந்தது எனக்குத்தான். மாமா சொல்லச் சொல்ல நோட்டுத் தாளில் எழுதினேன். "என் அக்காளின் கைரேகை இந்த மாதத்துக்குள் முழுசாகத் திரும்பி வர அருள் செய்ய வேண்டும்." எழுதி முடித்து உரக்க வாசித்தும் காட்டினேன். அம்மா துணி மடித்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள். அழகா எழுதுறாளே என்று மாமா என் தலையைத் தடவினார். எனக்குப் பெருமையான பெருமை. அந்தப் பிராது யாருக்கு எதிராக எழுதப்பட்டது என்று இன்றைக்குத்தான் தெரிகிறது.

இதற்கிடையில் கம்பெனியில் ஒரு சங்கடம். மெட்ராசில் ஏதோ பெரிய மண்டபத்துச் சுவரில் பதிப்பதற்காகப் பீங்கான் பலகைகள் செய்துகொண்டிருந்தார்கள். ஒவ்வொன்றும் முழ அகலம். அவ்வளவு பெரிய தட்டையான பரப்பை மேடு பள்ளம் இல்லாமல் தேய்க்க அம்மா கைதான் வேண்டும். அம்மா இல்லாததால் முதலாளி மெட்ராசிலிருந்து ஒரு கரண்டு மெஷின் வாங்கி வந்தார். மேஸ்திரி அதை வைத்துத் தேய்த்ததில் பலகை பூராவும் நத்தை ஊர்ந்த தடம் மாதிரி சுருள் சுருளாக விழுந்தது. பூச்சு பூசிச் சூளையில் வைத்து எடுத்தால் அந்தச் சுருள் இன்னும் பளிச்சென்று தெரிந்தது. பெண்கள் எல்லோரும், மெஷின் வந்துவிட்டது, இனி நமக்கு வேலை இல்லை என்று ஒரு பக்கம் பயந்துகொண்டும், மெஷினுக்குத் தேய்க்கத் தெரியவில்லை என்று இன்னொரு பக்கம் சந்தோஷப்பட்டுக்கொண்டும் இருந்தார்களாம்.

மேஸ்திரி எங்கள் வீட்டுக்கு வந்தார். கையால் தேய்க்க வேண்டாம், வந்து ஒரு தரம் அந்த மெஷினைப் பார்த்துவிட்டுப் போனால் போதும் என்று அப்பாவிடம் கெஞ்சினார். விரலில் துணி சுற்றிக்கொண்டு போகட்டும் என்று அப்பா ஒப்புக்கொண்டார். ஒரு சாயங்காலம் நானும் கூடவே போனேன்.

அந்த மெஷின் நான் நினைத்த மாதிரி பெரிதாக இல்லை. மேலே கைப்பிடி, அடியில் அடை அளவுக்கு ஒரு வட்டத் தகடு. அதில் வட்டமாக வெட்டின உப்புத்தாளை ஒட்டியிருந்தார்கள். மேஸ்திரி சுவிட்சைப் போட்டு, ஓடுகிற மெஷினைப் பலகை மேல் வைத்து, இரண்டு கையாலும் அழுத்தித் தேய்த்துக் காட்டினார். அது துள்ளியது. தூள் பறந்தது.

அம்மா அதை நிறுத்தச் சொன்னாள். தகட்டைக் கையால் சுற்றிப் பார்த்தாள். அது வட்டமாக மட்டும் சுற்றவில்லை, சுற்றிக்கொண்டே பக்கவாட்டில் நடுங்கவும் செய்தது. "இது என் கை மாதிரிதான் போவுது. நீங்கதான் வுட மாட்டேங்கறீங்க" என்றாள் மேஸ்திரியிடம். மழுங்கியிருந்த தாளைக் கிழித்துப் போட்டுப் புதுத் தாளை ஒட்டச் சொன்னாள். பலகையைத் துடைத்தாள். மெஷினை முதலில் பலகை மேல் படுக்க வைத்து, பிறகு சுவிட்சைப் போட்டாள். மேலே கையை வைத்திருந்தாளே தவிர அழுத்தவே இல்லை. அதன் கனமே அதற்குப் போதும் என்றாள். எறும்பு போகிற வேகத்தில் நகர்த்தினாள். ஓரத்துக்கு வந்தபோது சாய்க்காமல் தட்டையாகவே கொண்டுபோய்த் திருப்பினாள். சத்தம்கூட மாறிவிட்டது. கத்திக்கொண்டிருந்தது, அடுப்பில் உலை கொதிக்கிற மாதிரி முனக ஆரம்பித்தது.

முரட்டுத் தாள், நடுத்தாள், பட்டுத்தாள் என்று மூன்றும் முடிந்ததும் நிறுத்திவிட்டு, விரலில் சுற்றியிருந்த துணியை அவிழ்த்தாள். கண்ணை மூடிக்கொண்டு பலகையைத் தடவினாள். மற்ற பெண்களும் வந்து தடவிப் பார்த்தார்கள்.  மேஸ்திரி தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

கிளம்பும்போது அம்மா தரையில் கிடந்த ஒரு துண்டு உப்புத்தாளை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டதைப் பார்த்தேன். அடுப்படியில் ஏதாவது தேய்க்கவோ என்னவோ என்று விட்டுவிட்டேன்.

நாலைந்து நாள் கழித்து, மத்தியானம் வயிற்றுவலி என்று பள்ளிக்கூடத்திலிருந்து சீக்கிரமே வந்துவிட்டேன். அம்மா கொல்லையில் துணி துவைக்கிற கல் மேல் உட்கார்ந்திருந்தாள். முதுகு என் பக்கம் இருந்தது. வலது கை சின்னச் சின்ன வட்டமாகப் போய்க்கொண்டிருந்தது. அவசரமே இல்லை. பக்கத்தில் போனபோதுதான் தெரிந்தது, அவள் தேய்த்துக்கொண்டிருந்தது தன் இடது பெருவிரலை. நடுவில் நிறுத்தி, தண்ணீரில் நனைத்து, தூளைத் துடைத்து, வெயிலுக்குச் சாய்த்துப் பார்த்தாள். பிறகு தாளை இடது கைக்கு மாற்றி, வலது பெருவிரலையும் தேய்த்தாள்.

நான் சத்தம் காட்டாமல் திரும்பிவிட்டேன். நான் எழுதிக் கொடுத்த பிராது வீணாகிறதே என்று எனக்கு அழுகை வந்தது. சாமிக்குக் கோபம் வருமே என்று பயமும் வந்தது. சாயங்காலம் அப்பா வேலையிலிருந்து வந்து கை கால் கழுவிக்கொண்டிருந்தபோது, பின்னாலேயே போய்ப் பார்த்ததைச் சொல்லிவிட்டேன்.

அப்பா சொம்பைக் கீழே வைத்தார். 

"நீ எதையும் பாக்கல" என்றார். "மாமா கிட்ட சொல்லாத."

அவ்வளவுதான். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே போய்விட்டார். நான் பொய் சொல்கிறேன் என்று அப்பா நினைத்துவிட்டதாக அன்றைக்கு எனக்கு மனவருத்தம். பல வருடம் வரைக்கும், அப்பா எதிலும் பட்டுக்கொள்ளாத மனிதர், மச்சான் சொன்னதற்கெல்லாம் தலையாட்டினவர் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். எனக்குப் பிள்ளைகள் பிறந்த பிறகுதான் அந்த நாலு வார்த்தை விளங்கியது. அவர் அம்மாவைத் தடுக்கவும் இல்லை, மாமாவிடம் சொல்லவும் இல்லை. அவரால் முடிந்த அளவு அதுதான்.

மாதம் முடிந்தது. மறுபடியும் ஒரு வெள்ளிக்கிழமை. மாமா வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு காலையிலேயே வந்துவிட்டார். அப்பாவும் நானும் கூடவே போனோம். இந்த முறையும் குமாஸ்தா எவ்வளவு ஒற்றியும் திட்டுத்தான் விழுந்தது. மாமாவுக்கு ஒன்றும் புரியவில்லை. ஒரு மாதமாக வேலைக்கே அனுப்பவில்லையே, அரிசி கொண்டுவந்து போட்டேனே என்று குமாஸ்தாவிடம் சொல்லிக்கொண்டிருந்தார். சத்தம் கேட்டு, உள்ளே உட்கார்ந்திருந்த அதிகாரி எங்களைக் கூப்பிட்டார்.

நரைத்த மீசை வைத்த ஒல்லி மனிதர். மேஜை இழுப்பிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்து அம்மாவின் விரலைப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். பிறகு மாமாவையும் அப்பாவையும் கொஞ்சம் வெளியே இருக்கச் சொன்னார். நான் அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டிருந்ததால் என்னை அவர் ஒன்றும் சொல்லவில்லை.

கதவு சாத்தப்பட்டதும் கேட்டார். "ஏம்மா, இது வேலையில தேஞ்சதா, நீங்களா தேச்சதா?"

மேலே மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. மேஜையில் இருந்த காகிதங்கள் கல்லுக்கு அடியில் படபடத்தன. அம்மா என்னை ஒருமுறை பார்த்தாள்.

"நான்தாங்க தேச்சேன்."

"ஏன்?"

"என்னைய யாரும் கேக்கலைங்க."

அவர் பூதக்கண்ணாடியைக் கீழே வைத்தார். பத்திரத்தை எடுத்து, அதில் எழுதியிருந்ததை அம்மாவுக்குப் புரிகிற மாதிரி நிதானமாகச் சொன்னார். எந்த நிலம், எந்தப் பாதி, யாருக்குப் போகிறது என்று எல்லாம் சொன்னார். முடித்துவிட்டு, "சரி, நான் கேக்குறேன். இதுக்கு உங்களுக்குச் சம்மதமா?" என்றார்.

"இல்லைங்க" என்றாள் அம்மா.

அதிகாரி வெளியே இருந்தவர்களைக் கூப்பிட்டு, இவர்களுக்குச் சம்மதம் இல்லை, இதைப் பதிய முடியாது என்று ஒரே வரியில் சொல்லிப் பத்திரத்தை மாமாவிடம் நீட்டினார். மாமா வாங்கிக்கொண்டார். அம்மாவைப் பார்த்தார். அடிக்கப்போகிறாரோ என்று நான் பயந்தேன். அவர் பத்திரத்தை நாலாக மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தார், மறுபடி வெளியே எடுத்தார், எங்கே வைப்பது என்று தெரியாத மாதிரி கையிலேயே பிடித்துக்கொண்டார். பிறகு எங்களிடம் போய்ட்டு வரேன் என்றுகூடச் சொல்லாமல் படியிறங்கிப் போனார். அப்பா அவர் பின்னால் கொஞ்ச தூரம் போய்விட்டுத் திரும்பி வந்தார்.

மறுநாள் அம்மா கம்பெனிக்குப் போனாள். மெஷினை அவளிடமே ஒப்படைத்துவிட்டார்கள். பலகை தேய்க்க மெஷின், பொம்மைகளும் ஜாடிகளும் தேய்க்க எப்போதும் போலக் கை. பயந்த மாதிரி யாருக்கும் வேலை போகவில்லை.

ஆனால் அந்தப் பொங்கலுக்கு வரிசை வரவில்லை. போகிப் பண்டிகையிலிருந்து நானும் தங்கச்சியும் தெருமுனையைப் பார்த்துக்கொண்டே இருந்தோம். அம்மா வாசலுக்கே வரவில்லை. பொங்கலை இறக்கி வைத்துவிட்டு, கொஞ்ச நேரம் புகையைச் சாக்காக வைத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அக்கம் பக்கத்தில், கேவலம் ஒரு துண்டு நிலத்துக்காகக் கூடப் பிறந்தவனை ஆபீசில் நிறுத்தி அவமானப்படுத்திவிட்டாளே என்று பேசினார்கள். நானும் உள்ளுக்குள் அப்படித்தான் நினைத்தேன். மாமா இல்லாத பொங்கலுக்கு யார் காரணம் என்று பத்து வயதில் கணக்குப் போட்டால் வேறு விடை வராது.

மாசி மகம் வந்தது. அன்றைக்கு மணிமுத்தாற்றில் முன்னோர்களுக்குத் திதி கொடுக்க ஊர் ஊராக வண்டி கட்டிக்கொண்டு வருவார்கள். தெருவெல்லாம் கரும்புச் சக்கையும் பலூன் சத்தமும். மத்தியானம் போல, ஈர வேட்டியும் நெற்றி நிறைய திருநீறுமாக மாமா எங்கள் வாசலில் வந்து நின்றார். அவர்களைப் பெற்றவருக்குத் திதி கொடுத்துவிட்டு வந்திருந்தார்.

அம்மா வா என்றாள். இலை போட்டாள். மாமா உட்கார்ந்தார். பாதிச் சாப்பாடு ஆயிற்று. அப்பா மோர் ஊற்றப் போவதுபோல எழுந்து அடுப்படிக்குப் போய் அங்கேயே நின்றுகொண்டார்.

"அத என் கிட்டயே சொல்லியிருக்கலாமேக்கா" என்றார் மாமா, சோற்றைப் பார்த்தபடி.

"நீ கேட்டியா?"

மாமா நிமிர்ந்தார்.

"பத்திரம் எழுதச் சொல்லிட்டேன்னு சொன்ன. லீவு சொல்லுன்னு சொன்ன. வேலைக்குப் போவாதன்னு சொன்ன" என்றாள் அம்மா. குரல் ஏறவே இல்லை. "குடுப்பியாக்கான்னு ஒரு வார்த்த கேட்டியா?"

மாமா வெகு நேரம் யோசித்தார். அவர் உண்மையாகவே யோசித்தார், அதை நான் பார்த்தேன். தான் கேட்டிருப்போம் என்றுதான் அதுவரைக்கும் நம்பிக்கொண்டிருந்தார் போல. கை சோற்றில் அப்படியே காய்ந்துகொண்டிருந்தது.

"கேக்கல" என்றார். பிறகு, "இப்பக் கேக்கறேன். குடுப்பியா?"

"யோசிச்சுச் சொல்றேன்" என்றாள் அம்மா. குழம்புக் கரண்டியை எடுத்து அவர் இலையில் இன்னும் கொஞ்சம் ஊற்றினாள்.

பத்து நாள் யோசித்தாள். அந்தப் பத்து நாளும் அப்பா அவளிடம் எதுவும் கேட்கவில்லை. பதினோராம் நாள் கம்பெனியில் லீவு சொல்லிவிட்டு, கம்மாபுரம் பஸ்ஸில் தனியாக ஏறினாள். அதற்கு முன் அம்மா தனியாக பஸ்ஸில் போய் நான் பார்த்ததில்லை. பொழுது சாயத் திரும்பி வந்தபோது முந்தானையில் பச்சை மொச்சை கட்டியிருந்தாள். அங்கே என்ன பேசினார்கள் என்று எனக்கு முழுசாகத் தெரியாது. சுரங்கத்தில் வேலை கிடைத்தால் அது மாமாவுக்கே இருக்கட்டும், நிலத்தில் தன் பாதி தன் பேரிலேயே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டு வந்ததாக அப்பாவிடம் சொன்னாள். அடுத்த பொங்கலுக்கு வரிசை வந்தது. மஞ்சள் கொத்து, கரும்பு, எனக்கும் தங்கச்சிக்கும் பாவாடைத் துணி. மாமா பழையபடி சைக்கிள் மணியை அடித்துக்கொண்டே தெருவில் திரும்பினார்.

நிலம் எடுக்கும் விசாரணை உடனே நடக்கவில்லை. இரண்டு வருடம் கழித்துத்தான் நடந்தது. கம்மாபுரத்தில் பள்ளிக்கூடத்து மைதானத்தில் பந்தல் போட்டிருந்தார்கள். ஜனங்கள் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். நான் அம்மாவுக்கும் மாமாவுக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தேன். ஒரு குமாஸ்தா நோட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு பேராகக் கூப்பிட்டார். பேருக்குரியவர்கள் எழுந்து போய்த் தங்கள் நிலத்தைப் பற்றிச் சொல்லிவிட்டு வந்தார்கள். எல்லோருமே ஆண்கள். மாமாவின் பேரைக் கூப்பிட்டதும் அவர் போய்விட்டு வந்து உட்கார்ந்தார்.

அடுத்து ஒரு பெண் பேரைக் கூப்பிட்டார்கள். யாரும் எழுந்திருக்கவில்லை. இரண்டாம் தடவை இன்னும் உரக்கக் கூப்பிட்டார்கள். எனக்கே கொஞ்ச நேரம் கழித்துத்தான் உறைத்தது. வீட்டிலும் தெருவிலும் கம்பெனியிலும் அம்மாவை யாரும் அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை.

மாமா என்னைத் தாண்டி எட்டி அம்மாவின் தோளைத் தொட்டார். "அக்கா, ஒன்னத்தான் கூப்புடறாங்க" என்றார்.

அம்மா எழுந்தாள். புடவையைச் சரிசெய்துகொண்டு, அவ்வளவு ஜனத்துக்கும் கேட்கிற மாதிரி, "நான்தாங்க" என்றாள்.